குழாய் நிறுவனத்தில் என் நாற்பது பங்குகள்

அண்ணனின் தோட்டத்தில் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கிணற்றுக்குப் பக்கத்தில், தென்னை வரிசைக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்று நின்றது. அதன் மேல்புறத்தில் ஒரு முத்திரை. அண்ணன் அதைச் செருப்புக் காலால் தட்டிக் காட்டினார்.

"இது எந்தக் கம்பெனின்னு தெரியுதா அம்முணி?"

"விசாரிச்சுச் சொல்றேனுங்கண்ணா" என்றேன்.

விசாரிக்க ஒன்றுமில்லை. அந்த முத்திரை எனக்கு ஏழு வருடப் பழக்கம். அந்த நிறுவனத்தில் எனக்கு நாற்பது பங்குகள் இருந்தன.

நான் சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. குடியிருப்பது அயோத்தியாப்பட்டணத்தில். பிறந்த வீடு சங்ககிரியைத் தாண்டி எடப்பாடி போகும் வழியில் இருக்கிறது. நாலு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, தென்னை, மஞ்சள், மழையை நம்பிக் கொஞ்சம் குச்சிக்கிழங்கு. அப்பா போன பிறகு எல்லாவற்றையும் அண்ணன்தான் பார்த்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். நங்கைக்கு நாலு மாடுகள், அண்ணனுக்கு இந்தக் கிணறு. இதுதான் அவர்கள் குடும்பம் ஓடிய விதம்.

சம்பள நிலுவை மொத்தமாக வந்த ஒரு வருடம், பாடத்தில் சொல்வதை ஒருமுறையாவது செய்து பார்க்கலாம் என்று அந்தப் பங்குகளை வாங்கினேன். எரிவாயுவைக் குழாயில் கொண்டுபோகும் நிறுவனம். வாயு அவர்களுடையது இல்லை. ஒரு முனையில் வாங்கி மறுமுனையில் ஒப்படைப்பது மட்டும்தான் வேலை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு லாரியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். சிமென்ட் விலை ஏறினாலும் இறங்கினாலும் லாரிக்காரருக்கு வாடகை வந்துவிடும். வண்டி சும்மா நிற்காமல் இருந்தால் போதும். குழாய் நிறுவனமும் அப்படித்தான். நிறைந்து ஓடும் குழாய் லாபம். பாதியில் நிற்கும் குழாய் பட்டறையில் நிற்கும் லாரி மாதிரி. வருமானம் இல்லை, கடனுக்கு வட்டி மட்டும் ஓடும்.

அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அதில் இடர்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரு வாக்கியம் மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தது. தென்பகுதியில் சில மாவட்டங்களில் குழாய் போட வழியுரிமை பெறுவதில் தடங்கல்கள் இருப்பதால் ஒரு பாதை முடியத் தாமதமாகிறது என்று. ஒரு நிறுவனம் தன் சிக்கலை எவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறது பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டியிருக்கிறேன். கல்லைப் பார்த்துவிட்டு வந்த அன்று அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். அந்தத் தடங்கல் என் அண்ணன்.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே போன் போட்டு, அண்ணா, இப்படி ஒரு விஷயம் என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பார். நான் தள்ளிப் போட்டேன். ஒரு வாரம் தள்ளிப் போட்டதும் சொல்வது இன்னும் கஷ்டமானது.

அதற்குள் தாலுகா ஆபீசில் கூட்டம் நடந்தது. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், அடியில் குழாய் போகும், மேலே பயிர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் குழாய் போகும் அகலத்துக்கு மரம் வைக்கக்கூடாது, கிணறு இருக்கக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது. வழிகாட்டி மதிப்பில் ஒரு சிறு பங்கு இழப்பீடு. அண்ணன் எழுந்து, "கெணத்த மூடிட்டு மேல என்னத்தப் பயிர் வெக்கிறதுங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர் காகிதத்தைப் புரட்டினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், "எங்க அம்முணி கணக்கு வாத்தியாருங்க, கம்பெனிக் கணக்கெல்லாம் அத்துப்படி" என்று அண்ணன் நாலு பேரிடம் என்னை அறிமுகப்படுத்தினார்.

அடுத்த மாதம் விவசாயிகள் சேர்ந்து கற்களைப் பிடுங்கினார்கள். போலீஸ் வந்து முப்பது பேரை வேனில் ஏற்றி, சங்ககிரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை உட்கார வைத்தது. நங்கை அழுதுகொண்டே போன் பண்ணினார். பள்ளியில் சொல்லிவிட்டு ஓடினேன். மண்டபத்து வாசலில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு காத்து நிற்கும்போது என் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்த வருடத்து டிவிடெண்ட் என் வங்கிக் கணக்கில் ஏறியிருந்தது. கேட் கம்பிக்கு அந்தப்பக்கம் பந்தி பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நானும் கையை உயர்த்தினேன்.

அந்தப் பணம் ஒரு நல்ல சேலைக்குக் கூடக் காணாது. ஆனால் அன்று ராத்திரி என் கணவர், "சின்னத் தொகைதானே, வித்துட்டா முடிஞ்சுது" என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. விற்றுவிட்டால் மறைத்தது மறைத்ததாகவே போய்விடும் என்று தோன்றியது. விற்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

கடைசியில் அதை நிறுவனமே சொல்லிவிட்டது. பங்குக் கணக்கு தொடங்கியபோது என் ஆதாரில் பிறந்த வீட்டு முகவரிதான் இருந்தது. அதை மாற்றவே இல்லை. ஆண்டறிக்கையை இணையத்தில் எங்கே பார்க்கலாம், பங்குதாரர் பொதுக்கூட்டம் என்றைக்கு என்று நிறுவனம் அனுப்பிய கடிதம் தோட்டத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. முத்திரையைப் பார்த்து நிலத்துக்கு வந்த நோட்டீஸ் என்று அண்ணன் பிரித்துவிட்டார். உள்ளே என் பெயர் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் வந்து என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

"இதென்ன அம்முணி, உன்ற பேரு போட்டிருக்குது?"

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன்.

"அந்தக் கம்பெனில எனக்குக் கொஞ்சம் பங்கு இருக்குதுங்கண்ணா."

"எத்தன வருசமா?"

"ஏழு வருசமா. உங்க தோட்டத்துக்கு வரும்னு வாங்கறப்போ தெரியாதுங்கண்ணா."

"கல்லு நட்டப்போ தெரியுமா?"

"தெரியும்."

"மண்டபத்துக்குச் சோறு கொண்டாந்தியே, அப்போ?"

"தெரியும்ங்கண்ணா."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. வெயிலில் நின்றபடி என் வீட்டுச் சுவரைப் பார்த்தார்.

"நாலு பேருகிட்ட உன்னப் பத்திப் பெருமையாச் சொன்னேன். என்ற தங்கச்சிக்கு எல்லாம் தெரியும்னு. உனக்குத்தான் எல்லாமே தெரிஞ்சிருக்குதே."

தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இரண்டு வாரம் போன் எடுக்கவில்லை. நங்கை மட்டும் பேசினார். "கோவம் இல்ல கண்ணு, மனசு விட்டுப்போச்சு அவருக்கு" என்றார். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கடிதம் என் மேசையிலேயே கிடந்தது. ஒரு நாள் விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டு அதை முழுதாக வாசித்தேன். பொதுக்கூட்டம் காணொலியில் நடக்கும், பேச விரும்பும் பங்குதாரர்கள் முன்கூட்டியே பதிவு செய்யலாம் என்றிருந்தது. ஒரு பங்கு வைத்திருந்தாலும் போதும். நாங்கள் கலெக்டர் ஆபீசில் எத்தனை மனு கொடுத்தோம்! அதில் ஒன்றாவது அந்த நிறுவனத்தின் தலைவர் கண்ணில் பட்டிருக்குமா? இங்கே அவர் கேமரா முன்னால் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்டாக வேண்டும். அன்றே பதிவு செய்தேன். பேச்சாளர் எண் பதினேழு, மூன்று நிமிடம் என்று பதில் வந்தது.

அண்ணனுக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை.

கூட்டத்தன்று பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். காலை ஏழரை மணிக்கு நங்கை கூப்பிட்டார்.

"பொக்லைன் வந்துருச்சு கண்ணு. பக்கத்துத் தோட்டத்துல எறக்கிட்டாங்க. தாசில்தாரு, போலீசு எல்லாம் வந்திருக்குது. அவரு கெணத்து மேட்டுல போயி உக்காந்துட்டாரு. எனக்குப் பயமா இருக்குது, நீ வா சாமி."

"வாரேனுங்க நங்கை. அவரத் தனியா உடாதீங்க."

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து சங்ககிரிக்கு ஒரு பஸ். லாரிகளுக்கு நடுவே அந்த பஸ் ஊர்ந்துதான் போனது. பதினொரு மணிக்குக் கூட்டம். சங்ககிரியில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனபோது பத்தே முக்கால்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். அவர் நிலத்தில் பள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் இயந்திரம் மண்ணை வாரி ஓரத்தில் கொட்டிக்கொண்டு எங்கள் வேலியை நோக்கி வந்தது. தாசில்தார் ஜீப்பின் நிழலில் நின்றார். அண்ணன் கிணற்று மேட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் தோட்டத்தில் டவர் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பில் ஏறி உட்கார்ந்து கூட்டத்தில் இணைந்தேன். தலைவர் உரை நடந்துகொண்டிருந்தது. லாபம் கூடியிருக்கிறது, கொண்டுபோன வாயுவின் அளவு கூடியிருக்கிறது என்றார். தெற்குப் பாதை இந்த நிதியாண்டுக்குள் முடியும் என்றார். அவர் அப்படிச் சொல்லும்போது எனக்கு முன்னால் ஒரு வேப்பமரம் சாய்ந்தது.

பிறகு பங்குதாரர்கள் பேசினார்கள். ஒருவர் டிவிடெண்டுக்கு நன்றி சொன்னார். ஒருவர் போனஸ் பங்கு எப்போது என்று கேட்டார். ஒருவர் ஆண்டறிக்கையின் அட்டைப்படத்தைப் புகழ்ந்தார். பழைய மாதிரி நேரில் கூட்டம் வைத்து இனிப்புப் பெட்டி கொடுங்கள் என்றார் ஒரு வயதான அம்மா, தலைவர் சிரித்தார். ஒவ்வொருவர் முடிக்கும்போதும் நான் வேலியைப் பார்த்தேன். இயந்திரத்துக்கும் வேலிக்கும் நடுவே ஐம்பதடி. பிறகு நாற்பதடி. பேச்சாளர் ஒன்பதும் பத்தும் இணைப்பில் இல்லை, சந்தோஷப்பட்டேன். பதினொன்றாவது ஆள் பத்து நிமிடம் பேசினார்.

நங்கை தொட்டிக்குக் கீழே வந்து நின்று, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். "இன்னும் மூணு பேருங்க" என்றேன். "இங்க வேலிக்கிட்ட வந்துட்டான்" என்றார்.

செல்போனில் சார்ஜ் குறைந்துகொண்டிருந்தது. தாசில்தார் அண்ணனிடம் போய், "எந்திரிங்க, தூக்கிட்டுப் போக வெக்காதீங்க" என்று சொல்வது கேட்டது. அப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். அழுதுவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. தென்னையைப் பற்றிச் சொன்னால் அனுதாபம் தெரிவித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர்கள் பாஷையிலேயே கேட்டேன். நடைபெற்றுவரும் பணி என்று நீங்கள் காட்டியிருக்கும் தொகையில் ஒரு பகுதி மூன்று வருடமாகப் பத்துப் பைசா சம்பாதிக்கவில்லை. இந்தப் பாதையை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோயிருந்தால் எவ்வளவு கூடுதல் செலவு? தாமதத்தால் இதுவரை எவ்வளவு இழப்பு? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அந்தக் கணக்கைப் பங்குதாரர்களுக்குக் காட்டுங்கள். பார்க்கவில்லை என்றால் எங்கள் பணத்தை எதை நம்பி மண்ணுக்குள் போடுகிறீர்கள்?

ஒருங்கிணைப்பாளர் நேரம் முடிகிறது என்றார். நான் கேமராவைத் திருப்பினேன். வேலி, இயந்திரம், கிணறு, கிணற்று மேட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் தோளில் கை போட்டுக் கிளப்பப் பார்க்கும் என் அண்ணன்.

"அது என் அண்ணன்" என்றேன். அதைத் தமிழில்தான் சொன்னேன். என் குரலை அணைத்துவிட்டார்கள்.

எல்லோரும் பேசி முடித்த பிறகு தலைவர் மொத்தமாகப் பதில் சொன்னார். பாதை உரிய அனுமதியோடு முடிவு செய்யப்பட்டது, இழப்பீடு சட்டப்படி தரப்படுகிறது, சேலத்திலிருந்து பேசிய பெண்மணி கேட்ட கணக்குக்கு நிதிப் பிரிவு எழுத்தில் பதில் அனுப்பும். அவ்வளவுதான். அடுத்து இனிப்புப் பெட்டிக்குப் போய்விட்டார்.

தொட்டியை விட்டு இறங்கினேன். நங்கை கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது நிறுவனத்தின் இளம் இன்ஜினியர் ஒருவர் போனைக் காதில் வைத்தபடி வேகமாக எங்களிடம் வந்தார்.

"மேடம், மீட்டிங்ல பேசுனது நீங்களா? எந்த இடம்னு ஹெட் ஆபீஸ்ல கேக்குறாங்க."

"எங்க மேல கேஸ் போடுவீங்களா?" என்று கேட்டார் நங்கை.

அவர் நேராகத் தாசில்தாரிடம் போனார். இருவரும் ஜீப்புக்குப் பின்னால் நின்று பேசினார்கள். பத்து நிமிடம் இருக்கும். பிறகு இன்ஜினியர் டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். இயந்திரம் வேலிக்கு ஓரடி முன்னால் நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் மாடுகள் கத்திக்கொண்டிருந்ததே எங்களுக்குக் கேட்டது.

அண்ணன் மேட்டிலிருந்து எழுந்து வந்தார். சட்டைத் தோள் கிழிந்திருந்தது.

"சோறு தின்னியா?" என்று கேட்டார். பதினெட்டு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

பதினொரு நாள் கழித்து அந்த இன்ஜினியர் இரண்டு வரைபடங்களோடு வந்தார். அன்றும் நான் அங்கே இருந்தேன். ஒன்று பழைய பாதை. மற்றொன்று எங்கள் தோட்டத்துக்குள்ளேயே ரோட்டோரமாக வளைந்து போவது. கிணறு தப்பிக்கும், ஒன்பது தென்னையும் மாட்டுக்கொட்டகையும் போகும். ரோட்டோர இடம் முழுவதும் இனிக் கட்டடம் கட்ட முடியாததாகிவிடும். அந்த இடத்தில்தான் மகளுக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்று நங்கை பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க சார். இல்லன்னா பழைய லைன்லதான் போவாங்க" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு அம்முணி."

என்னால் முடியவில்லை. நங்கை வரைபடத்தைக் கையில் வாங்கி, விரலால் ரோட்டோரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கெணறு இருக்கட்டும்" என்றார். வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான் பேசியதால்தான் பாதை மாறியதா என்று இன்ஜினியரிடம் கேட்டேன். கிணற்றுப் பக்கம் அடியில் பாறை இருக்கிறது, உடைக்கச் செலவாகும், அதனால் மாற்றினோம் என்றார். உண்மையாகவும் இருக்கலாம். நிதிப் பிரிவிலிருந்து எனக்கு இரண்டு பத்தியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் ஒரு எண் கூட இல்லை.

குழாய் புதைந்தது. ஒன்பது தென்னையும் விழுந்தன. மாட்டுக்கொட்டகையைக் கிணற்றுப் பக்கம் மாற்றினார்கள். பணி முடிந்து வாயு ஓடத் தொடங்கிய செய்தி வந்த நாளில் பங்கு விலை ஏறியது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். இந்த முறை தள்ளிப் போடவில்லை. உடனே அண்ணனைக் கூப்பிட்டு, ஏறியிருக்கிறது, விற்றுவிடப் போகிறேன், அந்தப் பணத்தை நங்கையிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"அவ வாங்க மாட்டா" என்றார். பிறகு, "வித்துப்போட்டா அடுத்த வருசம் எப்படிக் கேப்பே?" என்றார்.

விற்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மூன்று விவசாயிகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மூவருடைய நிலத்திலும் குழாய் போயிருக்கிறது. வெயில் காலத்தில் குழாய்க்கு மேல் நட்ட பயிர் மட்டும் வாடுகிறது, கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை என்றார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒரு பங்கு வாங்குனாப் போதுங்களா டீச்சர், கேள்வி கேக்க?"

"போதுமுங்க. ஆனா வெல எறங்குனாலும் எறங்கும். அதையும் சொல்லிப்போடறேன்."

"எறங்குனா எறங்கட்டும்ங்க" என்றார்.

மூன்று பேருக்கும் கணக்குத் தொடங்கும் படிவத்தை நிரப்பினேன். முகவரியை இரண்டு முறை கேட்டு எழுதினேன். முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்து, "உங்களுக்கும் ஒண்ணு போட்டரலாமுங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு வேண்டாம்" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

மறுபடி கேட்கவில்லை. எழுந்து அவர்களுக்குக் காபி போடப் போனேன்.